பழைய படத்தைப் பார்க்காத நங்கையாவுக்கு

நங்கையா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் என்னைக் காந்திபுரம் பக்கம் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனாள். கதாநாயகன் பத்துப் பேரை அடித்துத் துவைக்கும்போது நம் காலத்துத் தாலாட்டு ஒன்றைப் பின்னால் ஓட விட்டார்கள். ஒரே விசில். என் கை தானாகக் கழுத்தில் கிடக்கும் கறுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. உங்கள் நினைவு வந்துவிட்டது.

"பழசுக்கு மரியாதை செய்யறாங்க அத்தை" என்றாள் உங்கள் மகள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். சொந்தக் காட்சி சவசவவென்று இருப்பதால் பழைய பாட்டைக் கொண்டுவந்து முட்டுக் கொடுப்பது மரியாதை இல்லை, இரவல் நகையோடு கல்யாணத்துக்குப் போவது. அதற்காக, பழைய கதையைத் தன் மனசுப்படி மாற்றி எடுத்தவனைப் பார்த்துக் 'கெடுத்துவிட்டான்' என்று கூச்சல் போடுகிறவர்களோடும் சேர மாட்டேன். ஒரு காலத்தில் நான் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான். இழுத்து வெளியே விட்டது நீங்கள்.

துடியலூரிலிருந்து சோமனூருக்கு, என் அண்ணனுக்கு இரண்டாம் தாரமாக, எனக்கு இரண்டாவது நங்கையாவாக வந்தீர்கள். இறந்துபோன முதல் நங்கையாவுக்காக என்று மிளகளவு பொன் குண்டு ஒன்றை உங்கள் தாலிச் சரட்டில் சேர்த்துக் கோத்தார்கள். அது எங்கள் வீட்டு வழக்கம். அத்தோடு விட்டிருக்கலாம். அம்மா உங்களை இறந்தவர் பேரைச் சொல்லியே கூப்பிட்டார். முதலில் வாய் தவறி வந்தது, பிறகு பழகிவிட்டது. நீங்களும் "ஏனுங்கத்தை" என்று எழுந்து போவீர்கள். சேலைக் கொசுவம் அவர் வைத்த மாதிரி, அரிசிம்பருப்புச் சோறு அவர் ஆக்கிய மாதிரி. தறி ஓட்ட வருகிறவர்களுக்கு நீங்கள் 'சின்னவங்க'. உங்கள் சொந்தப் பேர் அந்த வீட்டில் புழங்கவே இல்லை.

சிறுமியாக நான் முதல் நங்கையாவோடு பார்த்து அழுத ஒரு கதையை, அறுபதுகளில் கலரில் மறுபடி எடுத்தார்கள். நாம் இருவரும் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போனோம். படம் தொடங்கியதிலிருந்து நான் வாயை மூடவில்லை.

"பழசுல இந்த எடத்துல அவ அழவே மாட்டா நங்கையா. வாசப்படியில நின்னு சும்மா பாப்பா. இவ என்னன்னா கொடம் கொடமா ஊத்தறா."

இடைவேளையில் கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏனுங்கம்மணி, நா அந்தப் பழைய படத்தைப் பாக்கலீங்க. அவங்க நல்லாத்தான் நடிச்சிருப்பாங்க. ஆனா இந்தப் புள்ளையும் வந்து நிக்குதுங்கல்ல? ஒருக்காவாச்சும் இது மொகத்தைப் பாருங்க."

சினிமாவைச் சொல்கிறீர்கள் என்று நினைத்து நான் கடலை தின்றுகொண்டிருந்தேன். உங்களையே சொல்கிறீர்கள் என்று புரிந்ததும் கையிலிருந்த கடலையைப் பொட்டலத்திலேயே போட்டேன். மீதிப் படத்தில் புதியவளின் முகத்தையே பார்த்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் நடித்தாள். அவள் அழுகை அவளுக்குப் பொருந்தியது.

மறுநாள் அரிசிம்பருப்பில் உங்கள் அம்மா வீட்டுப் பழக்கப்படி தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி வதக்கிப் போட்டீர்கள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, முதல் நங்கையாவின் பேரைச் சொல்லி, "இதென்ன புதுசா?" என்றார்.

"அவங்க இப்படி ஆக்க மாட்டாங்கத்தை. இது நா ஆக்குனதுங்க."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குப் பயம்தான். அம்மா இன்னொரு வாய் தின்றார். பிறகு உங்கள் பேரைச் சொன்னார். பழக்கமில்லாத வாய், தடுமாறித்தான் வந்தது. "இன்னுங் கொஞ்சம் போடு கண்ணு" என்றார். நீங்கள் போட்டுவிட்டு உள்ளே போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அண்ணன் காலமானபோது உங்கள் தாலியைக் கழற்றினார்கள். அந்தக் குண்டை மட்டும் கேட்டு வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டீர்கள். இதைப் போடவில்லை என்று இனி யார் கேட்கப் போகிறார்கள் என்றேன்.

"அன்னைக்குப் போட்டு உட்டாங்கம்மணி. இன்னைக்கு நானாப் போட்டுக்கறேன்."

சினிமாக்காரர்களை நான் எடைபோடுவதும் இதை வைத்துத்தான். விசிலுக்காகப் போட்ட பாட்டா, தானாகப் போட்ட பாட்டா என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு விசிலுக்கானது. உங்கள் மகளிடம் சொன்னேன், சிரித்தாள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அந்தக் கயிற்றை அவள் என்னிடம் கொடுத்தாள். உங்களுக்காக இன்னொரு குண்டு செய்து கோக்க ஆசாரியிடம் கொண்டுபோனேன். "இதே மாதிரியே செஞ்சரட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. அது அவங்களுது. இவங்களுக்கு வேற மாதிரி செய்யுங்க" என்றேன்.