இஸ்திரி போடாத நாற்பத்திரண்டு டி-ஷர்ட்

ஜூன் 9, திங்கள்

பள்ளி அறிவிப்புப் பலகையில் காமர்ஸ் மிஸ் ஒரு தாள் ஒட்டியிருந்தார். ‘சொந்தத் தொழில் நடத்தும் மாணவர்கள்’ என்று தலைப்பு. அதில் துணிப்பையில் படம் அச்சடிக்கும் தொழிலுக்கு நேரே என் சிநேகிதி நெட்டையின் பெயர் மட்டும். மூன்று முறை படித்தேன். என் பெயர் எங்குமே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த தொழில் இது. எங்கள் வீட்டுப் பழைய ஜன்னல் சட்டத்தில் வலைத்துணியை இழுத்து ஆணியடித்தது நான். அவள் படம் வரைவாள். நான் ரப்பர் கட்டையால் மையை இழுத்துப் பையில் அச்சடிப்பேன். கொடியில் காய்ந்ததும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் இஸ்திரி போட்டு, மடித்து, பல்லைக் காட்டிக்கொண்டே எல்லோருக்கும் கொடுப்பாள். வாங்குகிறவர்கள் அவளைத்தானே பார்க்கிறார்கள்? பாடுபடுகிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி.

மதியம் அவளிடமே கேட்டுவிட்டேன். “மிஸ் எழுதினதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?” என்றாள். மாற்றச் சொல்லியிருக்கலாமே! இனிமேல் நீ தனி, நான் தனி என்று சொல்லிவிட்டு வந்தேன். “உன் இஷ்டம்” என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 11

பேசவில்லை. நானாகப் போய்ப் பேசவும் மாட்டேன்.

ஜூன் 20

அவளுடைய அத்தை மகனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாளாம். வலைத்துணி கட்டிய புது ஸ்கிரீன் வேறு வாங்கியாகிவிட்டதாம். அவனுக்கு மை இழுக்கத் தெரியுமா? வயிறு எரிகிறது, ஒளிப்பானேன். சாப்பாடு இறங்கவில்லை. “யார் மேலயோ இருக்கிற கோவத்தைத் தட்டு மேல காட்டாதே” என்றாள் அம்மா.

ஜூலை 1

விளையாட்டு விழாவுக்கு எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு வெள்ளை டி-ஷர்ட். அதில் வகுப்பின் பெயரை அச்சடிக்க வேண்டும். லீடர் எங்கள் இருவரிடமும் கேட்டான். நெட்டை பத்து நாள் வேண்டும் என்றாள். நான் ஐந்தே நாள் என்றேன். எனக்கே கிடைத்தது! அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூலை 6

முடித்துவிட்டேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது. ஆனால் சிவப்பு எழுத்து பளிச்சென்று விழுந்திருக்கிறது, ஒரு பிசிறு கிடையாது. கொடியிலிருந்து எடுத்து அப்படியே மடித்து லீடரிடம் கொடுத்தாயிற்று. இஸ்திரி போட்டு மினுக்குவதெல்லாம் அவளோடு போகட்டும். எனக்குச் சரக்குதான் முக்கியம்.

ஜூலை 9

போச்சு. எல்லாம் போச்சு. ஒரே ஒரு சலவைதான் — எழுத்து மொத்தமும் கரைஞ்சு ஓடிடுச்சு. டி-ஷர்ட்டெல்லாம் ரோஸ் திட்டு. லீடர் அவன் அப்பாவோட வெள்ளைச் சட்டையையும் தூக்கிட்டு வந்து காட்டுறான், அதுவும் ரோஸ். எத்தனை வீட்டு அம்மாக்கள் என்னைத் திட்டுறாங்களோ! “பதினெட்டாம் தேதி விழாவுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா இந்த ஸ்கூல்ல உன் தொழிலை மறந்துடு” என்று மிஸ் சொல்லிவிட்டார்.

அதே மை. அதே கை. என்னதான் ஆச்சு?

ஜூலை 10

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நெட்டை வீட்டுக்குப் போனேன். விஷயம் முன்பே அவள் காதுக்கு எட்டியிருந்தது. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

“இஸ்திரி போட்டியா?”

“எதுக்கு? சுருக்கமாவா இருந்துச்சு?”

முழித்துப் பார்த்தாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மை காய்ந்ததும் துணியைப் புரட்டி நல்ல சூட்டில் மூன்று நிமிடம் தேய்க்க வேண்டுமாம். அப்போதுதான் சாயம் துணியைப் பிடிக்குமாம். இரண்டு வருடமாக ஒவ்வொரு பைக்கும் அதைத்தான் செய்திருக்கிறாள். நான் மடிப்புக்காக என்று நினைத்திருந்தேன்.

“ஏன்டி சொல்லவே இல்ல?”

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நான் வீட்டுல என்ன பண்றேன்னு ஒரு நாளாவது வந்து பாத்தியா நீ?”

பார்த்ததில்லை. திண்ணை மூலையில் அத்தை மகன் அச்சடித்த பைகள் குவிந்து கிடந்தன. மை அப்பி, படத்தில் பூனை எது வால் எது என்றே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்த நிலையிலும்! என்ன பிறவி நான்?

“அவனுக்கு உன் கை வராதுடி” என்றாள். நாளைக்கு எல்லா டி-ஷர்ட்டையும் எடுத்து வரச் சொன்னாள்.

ஜூலை 13

ரோஸ் திட்டைப் போக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. “அப்ப மொத்தத்தையும் ரோஸ் சாயத்துலயே முக்கிடலாம்” என்றாள். முக்கினோம். அதன்மேல் நான் கறுப்பு மையில் அச்சடித்தேன், அவள் தேய்த்தாள். மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. நாற்பத்திரண்டையும் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்தது.

ஜூலை 18

மைதானத்தில் எங்கள் வகுப்புதான் எடுப்பாகத் தெரிந்தது. “ரோஸ் யாரோட யோசனை?” என்று மிஸ் கேட்டார். அவளோடது என்றேன். சொல்லும்போது நாக்கு கசந்தது. ஆனாலும் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

அத்தை மகன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கிரிக்கெட்டுக்கே போய்விட்டான். சனிக்கிழமைகளில் நாங்கள் வேலையை மாற்றிக்கொள்கிறோம். இன்று நான் இஸ்திரி போட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். அவள் மை இழுத்தாள். மூன்றாவது பையிலேயே என் அளவுக்கு வந்துவிட்டது. நான் பழக எத்தனை மாதம் ஆனது!

“எரியுதுடி” என்றேன்.

“விரலா?”

“இல்ல. உன்னைப் பாத்து.”

அவள் கட்டையைக் கீழே வைக்கவில்லை. “எனக்கும்தான். ரெண்டு வருஷமா, நீ மை இழுக்கிறதைப் பாத்து.”

இரண்டு வருடம்! ஒரு நாள்கூட வெளியே காட்டிக்கொள்ளவில்லையே. இதிலும் என்னை முந்திவிட்டாள்.