டேப்பை எடுக்க இறங்கியது

மே 12
மதாம் கெர்வெல்லா வீட்டு நீச்சல்குளத்தின் தளம் காய்ந்துவிட்டது. நானும் அக்கா கணவர் குல்வென் அத்தானும் மூன்று நாள் சிமென்ட் பூசிக் கரண்டியால் தேய்த்த தளம். இன்று அவர் சாக்ஸைக் கழற்றி, கண்ணை மூடி, அடிமேல் அடி வைத்து நடந்து பார்த்தார்.

"என் காலுக்குத் தப்பி ஒரு கடுகுகூட இருக்காது, எனோரா." வழக்கமான பீற்றல்தான். ஆனால் உண்மை. இதன் மேல் விரிக்கப்போகும் வினைல் விரிப்பின் அடியில் சிறு கல் கிடந்தாலும் தண்ணீர் அழுத்திக் காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் வண்டிக்குப் போனதும் பார்த்தேன், அளவு டேப் குளத்துக்குள்ளேயே கிடந்தது. பூட்ஸைக் கழற்றச் சோம்பல். ஒரு நிமிடம்தானே என்று இறங்கி ஏறினேன்.

மே 13
விரிப்பைப் போட்டுத் தண்ணீர் விட்டோம்.

மே 18
மதாம் ஏணியில் இறங்கியதும், "இங்க ஏதோ குத்துதே" என்றார். டேப் கிடந்த அதே இடம். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"நான்தாங்க பாத்தேன். என் தப்பு. விரிப்பத் தூக்கிச் சரிபண்ணித் தரேன்" என்றார் அத்தான், தன் பாதங்களைப் பார்த்தபடி. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மே 20
அக்கா ரோசென் போன் செய்தாள். "சுகர் முத்தினா பாதம் மரத்துப்போகும்னு டாக்டர் சொல்லியிருந்தாருல்ல? அது வந்துடுச்சுங்கறாரு உங்க அத்தான். தொழில விட்டுடறாராம். சாப்பிடற மேசையில உக்காந்து முள்கரண்டியால பாதத்தக் குத்திப் பாக்கறாருடி."

"வலிக்குதாமா?"

"வலிக்குதாம். ஆனா நம்ப மாட்டேங்கறாரு."

அப்போதும் சொல்லவில்லை. நான் என்ன மனுஷி?

மே 21
சொல்லத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். ஆப்பிள் சைடர் குடித்து, வெண்ணெய் கேக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மே 23
தண்ணீரை இறைத்து விரிப்பைத் தூக்கினோம். அவர் குனிவதற்குள் சொல்லிவிட்டேன் — "அத்தான், நீங்க பாத்ததுக்கு அப்புறம் நான் பூட்ஸோட இறங்கினேன். அது என் பூட்ஸ்ல வந்த கல்லு. உங்க காலுக்கு ஒண்ணும் ஆகல."

கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சு நாள்டி" என்றார். "அஞ்சு நாளும் பக்கத்துலதானே இருந்த."

நான் அழுதேன். அழ எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 9
அத்தான் தொழிலை விடவில்லை. இன்று புது இடம். வெறுங்காலில் தளம் முழுக்க நடந்துவிட்டு மேலே வந்தார்.

"பூட்ஸக் கழட்டு."

தண்டனை என்று நினைத்துக் கழற்றினேன்.

"இப்ப நீ போய் நடந்து பாரு."

"நீங்கதான் பாத்துட்டீங்களே அத்தான்."

"பாத்தேன். என் கால்மேல இன்னும் நம்பிக்கை வரல."

இறங்கினேன். ஒரு கடுகுகூட இல்லை. இருந்தும் மூலைக்கு மூலை இரண்டு தடவை நடந்தேன். மேலே அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.