வேன் ஓட்டியவனுக்கு என்ன ஆயிற்று

மகாதேவி,

நேற்று நீ சொன்னது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா தெரியவில்லை. பூண்டுத் தாள் அறுத்தபடி அந்தச் சூதாட்ட விடுதிக் கொள்ளைப் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்தோம். நீ நம் எல்லாரையும் அந்தக் கொள்ளைக் கூட்டத்தில் சேர்த்தாய்.

"எங்க மச்சான்தான் தலைவரு. நீங்க வேன்லயே உக்காந்திருங்க, உங்க மொகத்துக்கு அதான் பொருத்தம்" என்றாய். உடனே அந்தத் தலைவர், உன் அத்தை மகன் கோகுல்ராஜ், "அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணிராதீங்க" என்றான். நானும் சிரித்ததாகத்தான் நினைக்கிறேன்.

அந்தச் சிரிப்பில் நீங்கள் இருவரும் விதைப்பூண்டின் தாளையும் அறுத்துவிட்டீர்கள். தாள் இல்லாமல் அதைப் பரணில் எப்படிக் கட்டித் தொங்கவிடுவது? மிச்சத்தைத் தொட வேண்டாம்.

கிளாவரைக்கு லோடு ஏற்றப் போகிறேன். உன்னை எழுப்பவில்லை. ரசம் அடுப்பில் இருக்கிறது. கொட்டகைச் சாவி ஆணியில். அவன் ஆயக்குடியிலிருந்து கொண்டுவந்த கொய்யாவை நான் தொடவில்லை.

சாயங்காலம் நீங்கள் மூன்றாம் பாகம் பார்ப்பதாகப் பேச்சு. நான் வரும்வரை பொறுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் வெள்ளனே எழுந்து தனியாகப் பார்த்துவிட்டேன்.

கந்தவேல்

பி.கு.: தலைவன் பிடிபடுகிறான். பெட்டகம் திறந்தவன் வெளிநாடு போய்விடுகிறான். பிக்பாக்கெட் அடித்த பெண் துணிக்கடை வைக்கிறாள். கயிற்றில் இறங்கியவன் காலை ஒடித்துக்கொள்கிறான். வேன் ஓட்டியவன் எல்லாரையும் இறக்கிவிட்டுத் தன் வீட்டுக்கு வருகிறான். அங்கே யாராவது அவனுக்காகக் காத்திருந்தார்களா என்பதைப் படம் காட்டவில்லை.