ஹாட் டாக்கில் கெட்சப் கேட்ட மைத்துனன்

பெர்னீஸ்,

உன் தலைமேல் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நேற்று ஹாட் டாக் கடைவாசலில் உன் தம்பி வெர்னனைத் திட்டியது அவன் உயிரைக் காப்பாற்றத்தான். கோபத்தில் அவன் ஊருக்கு ரயிலேறுவதற்குள் இதைப் படித்துக் காட்டு. சிக்காகோவில் ஏரியைப் பார்க்கலாம், ராத்திரி முழுக்க புளூஸ் பாட்டுக் கேட்கலாம். ரொட்டிக்குள் சாசேஜ் வைத்த ஹாட் டாக்குக்குத் தக்காளிக் கெட்சப் மட்டும் கேட்கக் கூடாது; இங்கே அது சின்னப் பிள்ளைகள் பழக்கம். போன வருஷம் ஒருவன் கேட்டான். "ஏம்ப்பா, பால்குடி மறந்துட்டியா இல்லையா?" என்றார் கடைக்காரர். பாலத்தின்மேல் போன ரயில் அப்படியே நின்றது. ஏரி பத்தடி பின்வாங்கியது. அவன் இன்னும் வீடு திரும்பவில்லை.

சூப் அடுப்பில் இருக்கிறது. சாயங்காலம் வெர்னனைப் பாட்டுக் கேட்க நானே கூட்டிப்போகிறேன்.

காசிமிர்

மறந்துவிட்டேன்: கடைக்குப் போனால் கெட்சப் வாங்கி வா. கார் கொட்டகையில் நான் ஒளித்துவைத்திருந்த பாட்டில் தீர்ந்துவிட்டது.