இரண்டாவது டிஷ்

மச்சான்,

இன்று காலை கருவிப் பெட்டியைத் திறந்தால் மேலேயே உன் ஸ்பேனர். பிடியில் நீ சுற்றிய சிவப்பு டேப், இன்னும் போகாத கிரீஸ் வாசம். போன மழையில் மண் சரிந்து உன்னைக் கொண்டுபோன பிறகு நான் அதைத் தொடவே இல்லை. இன்று தொட வேண்டியதாயிற்று. நம் மடுல்சீமைப் பிள்ளை நாளை மறுபடியும் வெளிநாட்டில் ஓடுகிறாள்.

முதல் தடவை நடந்தது ஞாபகமிருக்கிறதா? தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை ஆசிய அளவில் ஐயாயிரம் மீட்டர் ஓடப்போகிறாள் என்றதும், அதுவரை நம் ரோட்டைக்கூட எட்டிப் பார்க்காத அரசியல்வாதி காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் பெரிய திரை அனுப்பினார். திரையைவிடப் பெரிதாக அவர் படம். கூடவே ஒரு டிஷ். அதில் ஓட்டத்தைக் காட்டும் உரிமை வாங்கிய உள்ளூர் சானல் மட்டும்தான் வரும். தேர்தல் காலம்.

டிப்ளோமா முடித்த திமிரில், "ஒண்ணு போதும்டா" என்றேன்.

"சானலு அவங்க கையில. வேணுங்கிறப்ப ஓட்டத்தக் காட்டுவான், வேணாங்கிறப்ப மூஞ்சியக் காட்டுவான். நமக்குன்னு ஒண்ணு வேணும்" என்றாய்.

துரைமாரின் பழைய கிளப்பில் துருப்பிடித்துக் கிடந்த பெரிய டிஷ்ஷைப் பாறைமேல் ஏற்றினாய். போட்டி நடத்தும் நாட்டின் இலவச சானலைப் பிடிக்க வேண்டும். ரிசீவர் கீழே லயத்தில். போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்களை மலைப்பாதையில் வரிசையாக நிறுத்தினாய். நான் கீழே ரிசீவரில் தெரியும் சிக்னல் எண்ணைப் படிக்க, அது வாய் வாயாக மேலே ஏறியது.

"முப்பது!"

"எறங்கிருச்சு! மேல என்ன, தூங்குறியாடா?"

மூன்று மாலை. வேலையற்ற வேலை என்று திட்டினேன். மூன்றாம் மாலை அறுபத்துநான்கில் படம் விழுந்தது.

ஓட்டத்தில் கடைசி இரண்டு சுற்று. நம் பிள்ளை நாலாவது. திடீரென்று திரையில் ஸ்டூடியோ. தான் விளையாட்டை எப்படி வளர்த்தேன் என்று அதே அரசியல்வாதி விளக்குகிறார்.

"எம்புள்ள எங்கங்க?" என்றாள் அவள் அம்மா. கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.

"மச்சான், மாத்து" என்றாய்.

பக்கத்தில் நின்ற அரசியல்வாதியின் ஆள் குறுக்கே கை நீட்டினான். "தொடாதீங்க தம்பி. ஐயா பேசி முடிக்கட்டும்."

"ஐயா பேசட்டுங்க. ஓட்டம் நிக்காதுங்களே" என்றாய் அவனிடம்.

நான் கேபிளைப் பிடுங்கி மாற்றினேன். புரியாத மொழி, புள்ளி புள்ளியாகப் படம். ஆனால் அவள் இருந்தாள்! மூன்றாவது. கடைசி வளைவில் இரண்டாவது. வெள்ளி! களமே துள்ளியது. அந்த ஆள்கூடக் கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் பேப்பரில் கொடியோடு அந்த அரசியல்வாதி, ஓரத்தில் அவள். "பேப்பர்ல அவரே ஜெயிக்கட்டும். நாம கண்ணால பாத்துட்டோம்" என்று சிரித்தாய்.

இந்தத் தடவையும் திரை வந்தது. இறக்க வேண்டாம் என்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். புரொஜெக்டரில் படம் காட்டக் கோயில் சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று, அது போதும். உன்னைக் கொண்டுபோன மண் டிஷ்ஷையும் சாய்த்திருந்தது. இன்று நீ நின்ற பாறையில் நான் நின்றேன். கீழே ரிசீவரில் உன் தங்கச்சி. வரிசையின் மேல் முனையில், எனக்குப் பக்கத்தில், ஓடுகிறவளின் அம்மா. அவள் தொண்டை கிழியக் கத்தினாள்:

"அறுவத்தெட்டு! போதும் தம்பி, இறுக்கு!"

உன்னைவிட நாலு கூட, மச்சான். உன் ஸ்பேனரால்தான் இறுக்கினேன்.