சாலைக் கடையும் கம்ப்யூட்டர் கடையும்

கரமனை,
திருவனந்தபுரம்,
20-9-2000

சௌபாக்கியவதி வசுமதிக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்கள் இருவர் பேச்சையும் கேட்பதில்லை. சிகாகோவில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் சௌக்கியமாக இருக்க கரமனை சாஸ்தாவை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து என்னை முடிக்க விடுவதில்லை, மீட்டர் ஓடுகிற பயத்தில் நானும் பாதியில் விட்டுவிடுகிறேன். கடிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. அம்மா ஒரு நிமிஷம் என்று நீ குறுக்கே பேச முடியாது. அதனால் இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போனை எடு.

போன ஜூன் மாதம் நீ சொன்னது ஒன்றையும் நான் மறக்கவில்லை. அங்கே இப்போது கடைக்கே போவதில்லை, அரிசி பருப்பு காய்கறி எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னால் வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள், காசும் மிச்சம், அதனால் பிரசவத்துக்கு அம்மா வந்துதான் ஆகவேண்டும் என்று இல்லை, டிக்கெட் பணத்தில் ஒரு வருஷத்துச் சாமான் வாங்கிப் போடலாம் என்றாய். அதோடு நிறுத்தினாயா, அம்மா, நீ கிளம்பி வந்துவிட்டால் அப்பாவுக்கு யார் சாமான் வாங்கிக் கொடுப்பார்கள் என்றும் கேட்டாய். கடைசியில், அங்கேயும் இப்படி ஒரு கம்பெனி வந்திருக்கும், எவ்வளவு மிச்சமாகிறது என்று நீயே விசாரித்துப் பார் அம்மா, அப்போது நான் சொல்வது புரியும் என்றாய். உன் அம்மா விசாரிப்பதோடு விடுகிறவளா. ஜூலை மாதம் முழுக்கக் கம்ப்யூட்டரில் வாங்கினேன், ஆகஸ்ட் மாதம் பழையபடி நம் சாலைக் கடைத்தெருவில் வாங்கினேன். இப்போது எது லாபம் என்று என்னைவிட நன்றாகச் சொல்ல இந்த அக்கிரகாரத்தில் ஆள் இல்லை.

கம்பெனி இங்கே இந்த வருஷம்தான் ஆரம்பித்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஸ்மிதா டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாளே, அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் எங்கள் வியாபாரம். அதைப் போட்டதும் கிர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் அவர்கள் வீட்டுப் போன் வேலை செய்யாது, அந்த நேரத்தில் அவள் அம்மா என்னைப் பார்க்கிற பார்வையே வேறு. முதல் தடவை அரிசி என்ற இடத்தில் ஸ்மிதா புழுங்கலரிசி என்று அமுக்கினாள். வந்து இறங்கியது சிவப்பு சம்பா அரிசி. ஊர்க்காரர்கள் அதைத்தானே சாப்பிடுகிறார்கள், கம்ப்யூட்டர் என்ன செய்யும். சாலையில் தாணுமாலையன் கடையில் நான் போய் நின்றாலே போதும், கேட்காமலே வெள்ளைப் புழுங்கலரிசி மூட்டை பக்கம் போய்விடுவார், துவரம்பருப்பில் புதுசு எது பழசு எது என்று அவரே சொல்லிவிடுவார். கம்ப்யூட்டருக்கு நான் யார் என்று தெரியாது. ஆனால் சாமான் கொண்டுவந்த ஞானையன் நல்ல மனுஷர், பாறசாலைப் பக்கம், சிவப்பரிசியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் அடுத்த நாளே மாற்றிக்கொண்டுவந்து கொடுத்தார். அவரிடம் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். பில்லைப் பார்த்ததும் வழக்கம்போல, இவ்வளவு வாங்குகிறோமே, பருப்பில் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், போனால் போகிறது ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது கூடப் போடுங்கள் என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டேன். அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, எனக்க கையில ஒண்ணும் இல்ல அம்மா, வெல எல்லாம் கம்ப்யூட்டர்ல உள்ளதாக்கும் என்றார். உள்ளேயிருந்து அப்பா சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாமானுக்குச் சாமான் பார்த்தால் சாலைதான் மலிவு. உளுந்தோ சர்க்கரையோ மிளகாய் வற்றலோ, எதை எடுத்தாலும் பாக்கெட்டில் போட்டு ஒட்டியவுடன் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் ஏறிவிடுகிறது. கொசுறு கிடையாது. இன்னொரு தந்திரமும் வைத்திருக்கிறார்கள், ஒரு தொகைக்கு மேல் வாங்கினால்தான் கொண்டுவந்து தருகிற கூலி இல்லை. அந்தத் தொகையைத் தொடுவதற்காக முதல் தடவை நான் ஒரு பாட்டில் ஜாம் வாங்கினேன். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, எனக்கு ஜாம் பிடிக்காது, அந்த ஜாம் இப்போது ஸ்மிதா வீட்டில் இருக்கிறது. இரண்டாவது தடவை புத்தி வந்து அவர்கள் வீட்டுச் சாமானையும் எங்கள் சாமானையும் ஒன்றாகச் சேர்த்து வாங்கினோம், கூலி மிச்சம், அவள் அம்மாவின் முகமும் கொஞ்சம் தெளிந்தது. நீயும் அங்கே கவனித்துப் பார், கூலியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வேண்டாததை வாங்கினாயானால் மிச்சம் உனக்கு இல்லை, அவனுக்குத்தான்.

ஆனால் கடைக்கு யார் போகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா. நான் சாலைக்குப் போனால் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், ஆட்டோக்காரனிடமும் சண்டை போட்டுக் குறைத்துவிடுகிறேன். உன் அப்பாவை உனக்குத் தெரியும். பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு சாலைக்குள் நுழைந்தால் அவருக்கு எதைப் பார்த்தாலும் மலிவாகத் தெரியும். பெருங்காயம் வாங்கப் போய் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் தூக்கிக்கொண்டு வந்தவர். போன வருஷம் சிவராத்திரி சமயத்தில் ஜீரகம் வாங்கிவரச் சொன்னேன், ஜீரகத்தை மறந்துவிட்டு ஊஞ்சல் சங்கிலி வாங்கிக்கொண்டு வந்தார், கனமான இரும்புச் சங்கிலி, ஊஞ்சலே இல்லாத வீட்டுக்கு. நான் கத்தினேன், அவர் சங்கிலியைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டுக் கால் கழுவப் போனார். ஆகவே என் தீர்ப்பு இதுதான். நான் கடைக்குப் போனால் சாலை லாபம். அப்பா போவதாக இருந்தால் கம்ப்யூட்டர் லாபம், அதுவும் கொஞ்ச நஞ்ச லாபம் இல்லை. கம்ப்யூட்டரில் ஸ்டூலும் சங்கிலியும் விற்பதில்லை, அவர் முழங்காலுக்கும் பஸ்படி ஏறுகிற வேலை இல்லை. சமையல் அவருக்குப் புதுசில்லை, நாகர்கோவிலில் உத்தியோகத்தில் தனியாக இருந்தபோது ரசம் வைத்து அப்பளம் சுட்டுச் சாப்பிட்டவர்தான், இப்போதும் என்னைவிட ரசம் நன்றாக வைப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. சாமான் வாசலுக்கு வந்துவிட்டால் அவர் தாராளமாகத் தனியாக இருந்துகொள்வார். பார்த்தாயா, அப்பாவுக்கு யார் வாங்கிக் கொடுப்பார்கள் என்று கேட்டவளும் நீ, அதற்குப் பதில் சொல்லிக் கொடுத்தவளும் நீ.

வசு, இனி சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன். நீ வேண்டாம் என்று சொன்னது பணத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். மறுபடியும் ஏதாவது ஆகிவிட்டால் அம்மா பக்கத்தில் நின்று பார்க்கவேண்டி வருமே என்று நினைக்கிறாய். போன வருஷம் கலைந்தபோது எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். அம்மா பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன் என்று நீ எனக்குத் தைரியம் சொன்னாய். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன், அடுப்பில் குக்கர் கூவிக்கொண்டே இருந்தது, அப்பாதான் போய் அணைத்தார். அந்த நாளில் உன் தலையைத் தடவிக்கொடுக்க நான் இல்லை என்பது இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை. நல்லதோ கெட்டதோ, இந்தத் தடவை நான் போனில் கேட்கப்போவதில்லை. நல்லதுதான் நடக்கும், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஆனாலும் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். ஜூலை மாதம் எனக்கே ஒரு நாள் மனசு தடுமாறி, இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று புலம்பினேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “எனக்குச் சாமான் கொண்டுவர ஞானையன் இருக்கான். அவளுக்கு யார் இருக்கா? மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, இல்லேன்னு சொல்லலை, ஆனா அவனும் பயந்துண்டுதானே இருப்பான்? நீ போய்ட்டு வா” என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அதனால் கேட்டுக்கொள். போன மாதம் மாமா வீட்டுக்கு என்று மதராஸ் போனேனே, போனது விசாவுக்கு. மாமாதான் கூட வந்தான். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், திரும்பி வந்துவிடுவீர்களா என்று கேட்டார். முழங்கால் வலியோடு ஒரு மனுஷரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன், வராமல் எங்கே போவேன் என்றேன். முத்திரை விழுந்துவிட்டது. நவம்பர் கடைசியில் டிக்கெட், பம்பாய் வழியாக, பணம் கட்டியாகிவிட்டது, இனி நீ வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பணம்தான் நஷ்டம். நீதான் சிக்கனக்காரி ஆயிற்றே, சொல்ல மாட்டாய்.

நான் வருகிற வரைக்கும் நீ கடைக்குப் போகவே கூடாது. அங்கே கடையில் மலிவாகக் கிடைத்தாலும் சரி, பனியில் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே வாங்கு, ஒன்றிரண்டு டாலர் கூடப் போனால் போகட்டும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதற்கெல்லாம் கணக்குப் பார்க்காதே. ஆனால் பிரசவ மருந்து மட்டும் அதில் வாங்கிவிடாதே. லேகியம் பாட்டிலிலேயே வருகிறது என்றாய், அதில் என்ன போட்டுக் கிளறியிருக்கிறான் என்று யாருக்குத் தெரியும். சுக்கை ஒடித்துப் பார்க்கவேண்டும், திப்பிலியை முகர்ந்து பார்க்கவேண்டும். சாலையில் நாட்டு மருந்து விற்கிற அங்காடி மருந்துக் கடையில் நானே நின்று வாங்கி, வீட்டில் நெய் விட்டுக் கிளறி, டப்பாவில் அடைத்துக் கொண்டுவருகிறேன். உனக்குக் கசக்கும், முகத்தைச் சுளிப்பாய், சாப்பிட வைக்காமல் விடமாட்டேன். எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு வேண்டும், அதைக் கம்ப்யூட்டரிலேயே வாங்கி வை, ஸ்மிதா பார்த்துச் சொன்னாள், நல்ல மலிவாம். புடவைக்கு மேல் போடுகிற மாதிரி கொஞ்சம் தொளதொளவென்று இருக்கட்டும்.

வெந்நீரே குடி, ஈரத்தில் நடக்கும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள், வெட்கம் ஒன்றும் வேண்டாம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல். நீங்கள் இருவரும் அந்தக் குழந்தையோடு நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்கவேண்டும், ஒரு குறையும் வராது. கடைசியாக ஒன்று, அடுத்த வருஷம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரும்போது படுக்க வைக்கத் தொட்டில் வாங்கி அனுப்பட்டுமா என்று மாப்பிள்ளை அப்பாவிடம் போனில் கேட்டாராம், கம்ப்யூட்டரில் அதுவும் மலிவாக வருகிறதாம். வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். போன வருஷம் சிவராத்திரி சமயத்தில்தானே நீ முதல் தடவை நல்ல செய்தி சொன்னாய், அப்போது வாங்கி வந்த சங்கிலி, நீ அந்தக் கெட்ட செய்தியைச் சொன்ன அன்றைக்கு அப்பா அதைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார், நானும் மறந்துபோனேன். இப்போது கீழே இறக்கித் தரையில் உட்கார்ந்து, மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கூடத்து உத்திரத்தில் தொட்டில் கட்ட அது போதும். சாலை வாங்கலில் அதை மட்டும் நஷ்டத்தில் சேர்க்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் அம்மா,
விஜயம் நாகேஸ்வரன்