மிஷ்மிஷின் பத்து நாள் லீவு

தேர் அல்-பலாஹ், காஸா
நவம்பர் 26

அன்புத் தோழி தஹானிக்கு,

உனக்கும், உன் வீட்டுக்காரருக்கும், நான் இன்னும் முகம் பார்க்காத உன் மகளுக்கும் ஸலாம். பிள்ளை பிறந்து நேற்றோடு நாற்பது நாள் ஆகிறது, இங்கே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த ஊர்க் குளிரில் குழந்தைக்கு எத்தனை சட்டை போடுகிறாயோ தெரியவில்லை. கண்ணேறு படாமலிருக்க, சட்டைக்கு மேல் நீல மணி ஒன்றைக் குத்திவை. நீ சிரிப்பாய், பரவாயில்லை, குத்திவை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் இங்கே ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வெளிநாட்டு டாக்டர். கையில் கொடுத்து, உன் ஊருக்குப் போனதும் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். போனில் பேசலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஆகஸ்டுக்குப் பிறகு நாம் நாலு தடவை பேசினோம். நாலு தடவையும் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, தஹானி.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இளைத்துவிட்டேன். என்னை ஒரு சுற்று இளைக்கச் சொல்லி நீ கல்லூரியில் பாடாய்ப் படுத்துவாயே, இப்போது வந்து பார்த்தால் வாயடைத்துப் போவாய். எங்கள் நடமாடும் கால்நடை மருத்துவமனை இன்னும் நடமாடுகிறது. டீசல் இல்லாமல் வேன் படுத்துவிட்டதால் மருந்துப் பெட்டிகளை ஒரு கட்டை வண்டியில் ஏற்றிவிட்டோம். ஒரு கோவேறு கழுதை இழுக்கிறது, அதற்கும் ஒரு காலில் நொண்டல். போகிற இடமெல்லாம் வண்டிக்காரர்கள், "டாக்டரம்மா, முதல்ல உங்க ஆம்புலன்ஸுக்கு வைத்தியம் பாருங்க" என்று கேலி செய்கிறார்கள். லாடம் அடிக்கும் ஸர்ஹான் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான்.

வேலை மூச்சு முட்டுகிறது. தண்ணீர், மாவு, அடிபட்டவர்கள், வீடு மாறுகிற குடும்பங்கள் என்று எல்லாம் கழுதை முதுகில்தான் ஓடுகிறது. தின்ன வாற்கோதுமை கிடையாது. அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடுகிறார்கள், அதுகளும் தின்கின்றன. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது உருப்படிக்குப் புண் கழுவுகிறேன். மருந்து தீர்ந்தால் உப்புத் தண்ணீர்.

உன் அத்தை ஸுப்ஹிய்யா என் கூடாரத்திலிருந்து மூன்றாவது கூடாரத்தில் இருக்கிறார். முழங்கால் முன்னைவிட மோசம். இரண்டு வாரமாக இருமல் வேறு. தினமும் சாயங்காலம் என்னிடம் வந்து, "தஹானி பேசினாளா?" என்று கேட்கிறார். பேசினாள், நல்லா இருக்கா என்று சொல்வேன். "என்னைக் கேட்டாளா?" என்பார். அதற்கு நான் எதையாவது எடுத்துவைக்கப் போய்விடுவேன்.

செப்டம்பரில் நீ போனில் அழுதுகொண்டே, "அத்தை மூட்டை கட்டுறேன் மூட்டை கட்டுறேன்னு நேரத்தை ஓட்டிச்சு, அதனாலதான் அப்பா உச்சி வெயில்ல கிளம்ப வேண்டியதாச்சு, அதோட மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொன்னாயே, அப்போது அவர் என் பக்கத்தில்தான் இருந்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். நானும் பேசவில்லை. அவர் வாயை மூடியது என்னைக் காப்பாற்ற. நான் வாயை மூடியதும் என்னைக் காப்பாற்றத்தான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வேலைக்குக் கட்டக்கூடாத மிருகத்துக்கு நாங்கள் முதுகில் ஊதா மருந்தால் ஒரு வட்டம் போடுவோம். வட்டம் இருக்கும் கழுதை பூட்டிய வண்டிக்குத் தண்ணீர் நிரப்புமிடத்தில் நிரப்ப மாட்டார்கள். வண்டிக்காரர்களே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. போன குளிர்காலத்தில் உன் அப்பா, என் ஜௌதத் மாமா, பழைய கழுதை ஸம்ராவின் வட்டத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வண்டியில் பூட்டினார். நாலாம் நாள் அது சாலையிலேயே விழுந்து செத்தது. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும், எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்க மாட்டேன். தண்ணீர் வரிசையில் நூறு பேர் முன்னால் அவரைக் கொலைகாரர் என்றேன். உன் வீட்டில் தின்ற சோற்றையெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா புள்ள, நான்தான் கொன்னேன்" என்றார்.

அப்புறம் புதுக் கழுதை மிஷ்மிஷ் வந்தாள். மாமா அவளைப் பார்த்துக்கொண்ட விதத்துக்கு, உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். ஆனால் வண்டி வார் அறுத்து ஆகஸ்டில் அவள் மார்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நான் வட்டம் போட்டேன். பத்து நாள் என்றேன். பழைய கோபம் இன்னும் உள்ளே இருந்தது. சத்தியம் பண்ணுங்கள் என்றேன். "அல்லாஹ் மேல சத்தியமா" என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. "அவன் மன்னிச்சிடுவான்னு உங்களுக்குத் தைரியம். போன தடவையும் அதைத்தான் சொன்னீங்க. தஹானி தலை மேல பண்ணுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "அவ வயித்துப் பிள்ளையோட இருக்கா டாக்டரம்மா, அவளை ஏன் இதுல இழுக்கிற?" என்று கேட்டார். அதனால்தான் என்றேன். உன்னை ஒரு தாழ்ப்பாள் மாதிரி பயன்படுத்தினேன், தஹானி. அவர் கொஞ்ச நேரம் மிஷ்மிஷின் காதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு உன் தலை மேல் சத்தியம் செய்தார்.

இப்போது சொல்லப்போவதை உன் அத்தையிடம்கூட நான் சொன்னதில்லை. அந்தப் புண்ணுக்குப் பத்து நாள் தேவையில்லை. ஐந்து நாள், மிஞ்சிப் போனால் ஆறு. நாங்கள் எல்லோருமே இரட்டிப்பாகத்தான் சொல்வோம். பத்து என்றால் வண்டிக்காரன் மூன்றாம் நாளே வந்து நிற்பான். வீட்டில் மாவில்லை என்பான், மாமியாருக்குச் சுகமில்லை என்பான், கெஞ்சிக் கூத்தாடிப் பாதியாகக் குறைத்துக்கொண்டு போவான். அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் முழுப் பத்து நாளையும் கொடுத்த ஆளை நான் கண்டதில்லை. உன் அப்பா ஒருவர்தான் பேரம் பேச வரவில்லை.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு அவர்கள் இருந்த பகுதியைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அத்தை கால் மணி நேரத்தில் மூட்டை கட்டிவிட்டார். இரண்டு மெத்தை, ஒரு தண்ணீர் டிரம், மாவு, பாத்திரம், உன் கல்யாணப் படம், அவ்வளவுதான். தாமதம் அவரால் இல்லை. உன் அப்பாதான் கிளம்பாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டிருக்கிறார். சத்தியத்திலிருந்து விடுவிக்கச் சொல்லத்தான். வேறு எதற்கு?

மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். என் போன் சார்ஜ் போடும் கடையில் கிடந்தது. நான் நுஸைராத்தில் இருந்தேன், அவர்கள் பகுதிக்கு உத்தரவு வந்ததே எனக்குத் தெரியாது. பதினொன்றரைக்குப் போனை வாங்கினேன். ஜௌதத் மாமா, மூன்று தவறிய அழைப்புகள். பார்த்தேன். ஸர்ஹானிடம் காட்டி, "பாத்தியா, ஏழு நாள் தாக்குப் பிடிச்சாரு, கடைசியில இவரும் பேரம் பேச வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குதிரையின் குளம்பைத் தூக்கினேன்.

நான் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் ஒரே வார்த்தைதான். பூட்டுங்க மாமா.

மீதியை அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு நெருங்கும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாமா மிஷ்மிஷை வண்டிக்குப் பின்னால் கட்டினார். அத்தையை மூட்டைகள் மேல் உட்காரவைத்தார். தானே நுகத்துக்குள் புகுந்துகொண்டார். அத்தை கத்தியிருக்கிறார். "தம்பி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அதைப் பூட்டுடா, அல்லாஹ் ஏத்துக்குவான்!" என்று. அதற்கு அவர், "அல்லாஹ் மேல பண்ணியிருந்தா எப்பவோ பூட்டியிருப்பேன்க்கா. இது தஹானி தலை மேல பண்ணினது" என்றாராம். சரி, என்னைக் கழுதை முதுகிலாவது ஏற்று என்று அத்தை கேட்டதற்கு, "சுமை சுமைதானே" என்று முடித்துவிட்டார்.

கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் ஊரே நடந்துகொண்டிருந்தது. அந்த நிலைமையிலும் நம் ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒருத்தன், "அபூ தஹானி, கழுதையையும் மேல ஏத்திடு, காத்தாட வரட்டும்" என்றானாம். உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "அவ லீவுல இருக்காப்பா. டாக்டரம்மா குடுத்த லீவு. இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு" என்றாராம். பக்கத்தில் நடந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவரும் சிரித்தார் என்று அத்தை சொன்னார். இரண்டு இடத்தில் யாரோ பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். கடல் தெரிகிற மேட்டில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிஷ்மிஷுக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டு, நிழலுக்காக வண்டிக்கடியில் உட்கார்ந்தார். அங்கேயே முடிந்துவிட்டது. வலிக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லையாம்.

சாயங்காலம் செய்தி கேட்டு ஓடினேன். அடக்கம் செய்கிற வரை நின்றேன். அப்புறம், எனக்கு வேறு என்ன தெரியும், கழுதையைப் பார்க்கப் போனேன். மார்பை அழுத்திப் பார்த்தேன். தோல் மூடி, புது முடி முளைத்திருந்தது. நடத்திப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அன்று காலையில் அவள் அந்த வண்டியை விளையாட்டாக இழுத்திருப்பாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அத்தை கூடாரத்து வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் நீ போனில் கழுதைக்கு என்ன ஆச்சு என்று கேட்டபோது காயம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினேனே, அப்போது என் முகத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீ அவர் மேல் பழி போட்ட நாளிலும் திறக்கவில்லை.

பாக்கி மூன்று நாளையும் மிஷ்மிஷுக்குக் கொடுத்தேன். தேவையில்லைதான். பிறகு வட்டத்தை நானே கழுவினேன். இப்போது அவள் அத்தை பெயரில் இருக்கிறாள், பக்கத்துக் கூடாரக்காரர் தண்ணீர் ஓட்டுகிறார். வார் படும் இடத்தில் என் பழைய கம்பளிச் சட்டையை வெட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். நான் இப்போது யாருக்கும் நாளை இரட்டிப்பாகச் சொல்வதில்லை. ஐந்து என்றால் ஐந்துதான். வண்டிக்காரர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள், பழக்கதோஷத்தில் அதிலும் பாதி கேட்கிறார்கள். இரண்டு கழுதைகள் அதனால் மோசமாகிவிட்டன. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியம் மட்டும் யாரிடமும் வாங்குவதில்லை.

என்னை மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கேட்டால் நீ பதில் சொல்லியாக வேண்டும், கைக்குழந்தைக்காரி, அந்தச் சுமை உனக்கு வேண்டாம். என்னிடம் நீ இனி பேசாவிட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

ஆனால் அத்தையிடம் பேசு. உன் மகளுக்கு என்ன பெயர் வைத்தாய் என்பதுகூட அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும். அவரிடம் போன் கிடையாது, என் எண்ணுக்குத்தான் நீ கூப்பிட வேண்டியிருக்கும். நான் எடுத்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். என் போனை இப்போதெல்லாம் கடையில் விடுவதில்லை. ஸர்ஹான் ஒரு பழைய பேட்டரியை வண்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறான், எந்நேரமும் அதில்தான் கிடக்கிறது. எப்போது அடித்தாலும் எடுப்பேன். முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் தலைக்கும் உன் மகள் தலைக்கும் ஒரு குறையும் வராது, தஹானி. அதற்கு வேண்டியதை உன் அப்பா மிச்சம் வைக்காமல் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நீ நன்றாக இரு.

உன்
விஜ்தான்